வாவிக்குள் டிராகன்: ஒரு வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

மட்டக்களப்புக் களுவாஞ்சிகுடியிலிருந்து எழுதுகிறேன். சரித்திர நாவல் என்றால் சோறு தண்ணி மறந்து வாசிக்கிற ஆள் நான். அக்காவின் மகள்மாரும் அவர்களுடைய கூட்டாளிகளும் மாயாஜால நாவல்களில் ஊறிக் கிடப்பவர்கள். இந்த லீவில் எல்லோரும் சேர்ந்து நம்ம ஊரை வைத்தே ஒன்று எழுதத் தொடங்கினோம். 1628ஆம் ஆண்டு. மட்டக்களப்பு வாவிக்குள் இருக்கும் புளியந்தீவில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டுகிறார்கள். பதினைந்து வயதுப் பிள்ளை ஒருத்தி, வாவிக்குள் உறங்கும் டிராகனை எழுப்பி அதைத் தடுக்கப் பார்க்கிறாள். மூன்று அத்தியாயம் முடிந்தது. வாசித்துப் பார்த்தால் சரித்திரம் பாடப்புத்தகம் மாதிரியும், டிராகன் பசை போட்டு ஒட்டின மாதிரியும் இருக்கிறது. எங்கே பிழைக்கிறது? அத்தியாயங்களையும் அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

மாயாஜாலம் வாசிக்கிற பிள்ளைகளும் சரித்திரம் வாசிக்கிற நீங்களும் ஒரே கதைக்குள் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதே பெரிய சந்தோசம். இரண்டும் வேறு வேறு ருசி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. பார்க்காத ஓர் உலகத்தை அதன் சட்டத்தோடு நம்ப வைப்பதுதான் இரண்டுக்கும் வேலை. உங்கள் கதை இடறுவதும் அங்கேதான்.

முதலில் டிராகன். மூன்றாம் அத்தியாயத்தில் பிள்ளை ஆபத்தில் மாட்டுகிறாள், கூப்பிடுகிறாள், அது வருகிறது. எப்போது கூப்பிட்டாலும் வரும் என்றால் வாசிக்கிறவருக்கு ஏன் நெஞ்சு அடிக்க வேண்டும்? எந்த நேரத்தில் வராது, வந்தால் அவள் எதை இழப்பாள் என்ற இரண்டும் முதல் அத்தியாயத்திலேயே தெரிய வேண்டும்.

இதற்கு வெளியூர் போகத் தேவையில்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரை நெற்களத்தைப் பாருங்கள். இரவில் மாடு விட்டு நெற்கதிர் மிதித்துச் சூடு அடித்த காலத்தில் நெல்லை நெல் என்று சொல்லமாட்டார்கள், பொலி என்பார்கள். களத்துக்கென்று தனிப் பேச்சு உண்டு. செருப்போடு உள்ளே கால் வைக்க முடியாது. வாய் தவறினால் பூதம் பொலியை அள்ளிக்கொண்டு போகும் என்பது நம்பிக்கை. ஒரு சொல், அதைச் சொல்லக்கூடாத இடம், சொன்னால் வரும் நட்டம். மாயத்துக்கு வேண்டிய மூன்றும் இதில் இருக்கிறது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பத்து நிமிடத்தில் ஒரு அத்தியாயம் கட்டிவிடுவார்கள். நடுச்சாமம், மாடுகள் சுற்றி வருகின்றன, பொலிப்பாட்டு கேட்கிறது, ஊருக்குப் புதிய ஒருவன் களத்துக்குள் நின்று "எவ்வளவு நெல்?" என்று கேட்கிறான். எல்லோர் வாயும் அடைத்துப் போகிறது.

வாவிக்கும் அதன் சொந்த மாயம் உண்டு. கல்லடிப் பக்கம் நீருக்குள்ளிருந்து கேட்கும் மீன்பாட்டைத்தான் சொல்கிறேன். சுவாமி விபுலாநந்தர் 1947இல் வெளிவந்த யாழ் நூலில் அதை நீரர மகளிரின், அதாவது நீருக்குள் வாழும் தேவமகளிரின், பாட்டாகவே கவி செய்திருக்கிறார். அந்த ஒலி எல்லா நாளும் கேட்காது. மழை ஓய்ந்த மாதங்களில், சித்திரை தொடங்கி ஆவணி, புரட்டாதி வரை, காற்று அடங்கிய நிலவு நாளில் கேட்கும். துடுப்பின் ஒரு நுனியை நீருக்குள் விட்டு, மறுநுனியைக் காதோடு ஒட்ட வைத்துக் கேட்பார்கள். உங்கள் மூன்றாம் அத்தியாயம் மார்கழியில் நடக்கிறது. வெள்ளம் புரண்டு வாவி கலங்கிக் கிடக்கும் மாதம். அவள் துடுப்பைக் காதில் வைத்தும் ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதுங்கள். டிராகன் வருவதைவிட அது நெஞ்சைப் பிசையும். என்னைக் கேட்டால் டிராகனை எடுத்துவிட்டு நீரர மகளிரை வைப்பேன். பிள்ளைகள் ஒப்பாவிட்டால் டிராகனே இருக்கட்டும், ஆனால் அந்த ஒலிக்குத்தான் அது அசைய வேண்டும்.

இனி சரித்திரம். முதல் அத்தியாயத்தில் சூரியன் கடலுக்குள் இறங்குகிறது. நம்ம கடலில் சூரியன் எழும், இறங்காது. கடற்பக்கம் எழுவான்கரை, வாவிக்கு மேற்கே படுவான்கரை. பேரிலேயே திசை இருக்கும் ஊர் இது. பகல் முடிவதை வாவிக்கு அப்பால் காட்டுங்கள். முழுநிலவைப் பொழுது படும் நேரத்தில் கடலிலிருந்து எழுப்புங்கள். அடுத்தடுத்த நாள்களில் நிலவு ஏறக்குறைய இரண்டு நாழிகை பிந்தும். ஒரு நாழிகை 24 நிமிடம். பறுவம் கழிந்து மூன்றாம் நாள் என்றால், பொழுதுபட்ட பின் சுமார் ஆறு நாழிகை இருட்டு. உங்கள் பிள்ளை தோணியை அவிழ்க்க வேண்டிய நேரம் அதுதான்.

அந்தத் தோணிப் பயணமும் திருத்த வேண்டியது. விளக்கு வைத்த பின் வாவியின் ஒரு தலையில் புறப்பட்டு, கோழி கூவ மறுதலைக்குப் போய்விடுகிறாள். வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். தனியாகத் தோணி வலிக்கும் பிள்ளை மணிக்கு மூன்று கிலோமீற்றர் போனால் பெரிய காரியம். பத்து மணித்தியாலத்தில் முப்பது. ஆகவே இரண்டு இரவு வேண்டும், நடுவில் ஒரு பகல் கண்டல் மரங்களுக்குள் ஒளிந்திருக்க வேண்டும். இதைக் குறையாக நினைக்காதீர்கள். அந்த ஒரு பகலில்தான் அவளுக்குப் பசிக்கும், பயம் வரும், திரும்பிப் போகலாமா என்று தோன்றும். நான்காம் அத்தியாயம் உங்களுக்கு அதில் கிடைத்துவிட்டது.

சமையலில் மிளகாயைக் கவனியுங்கள். மிளகாய், கச்சான் கொட்டை, சோளன், பப்பாசி, கொய்யா, மரவள்ளி எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. போர்த்துக்கேயர் இந்தத் தீவுக்கு வந்தது 1505இல். பிள்ளையின் அம்மா மிளகு போட்டுக் காய்ச்சட்டும். மிளகாயைக் கோட்டைக்காரன் கையில் சிவப்பாக ஒரு புதினமாகக் காட்டினால் ஒரு நல்ல காட்சி கிடைக்கும். கச்சான் என்ற மேல்காற்று மட்டும் தாராளமாக வீசலாம், அது கொட்டைக்கு முன்பே இருந்தது.

சொற்களுக்கும் வயது உண்டு. கதிரை, சப்பாத்து, பாண், வாங்கு போர்த்துக்கேயச் சொற்கள். 1628இல் கோட்டைப் பக்கம் போய்வருகிற பிள்ளையின் வாயில் அவை புதிதாக ஒட்டலாம். ஆனால் இரண்டாம் அத்தியாயத்தில் அவள் "கந்தோர்" என்கிறாள். அது அலுவலகத்துக்கான ஒல்லாந்தர் சொல். கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தது 1638 மே மாதம். பத்து வருடம் முந்திவிட்டாள். இப்போது நிற்கும் கோட்டையைப் பார்த்து வர்ணிப்பதிலும் இதே ஆபத்து உண்டு, அது ஒல்லாந்தர் திருத்திக் கட்டியது.

பேச்சு நடையில் எனக்குக் கொஞ்சம் வருத்தம். தோணிக்காரர் மகள் தாயிடம் "தாங்கள் அனுமதித்தால் புறப்படுகிறேன் அன்னையே" என்கிறாள். சோழ அரண்மனை நாவல்களின் பேச்சு அது. "மறுகா வாறன்" என்று சொல்ல விடுங்கள். பெண்பிள்ளைகள் தங்களுக்குள் "என்னகா" என்று கூப்பிடட்டும். கதை சொல்லும் நடை பொதுத்தமிழில் இருக்கலாம். பழஞ்சொல் அத்தியாயத்துக்கு ஐந்தாறுக்கு மேல் வேண்டாம், அடைப்புக்குறிக்குள் விளக்கமும் வேண்டாம். சொல்லை ஒரு வேலையில் பிடித்துக் காட்டினால் பொருள் தானாக விளங்கும்.

பாடப்புத்தகம் போலத் தெரிவதற்குக் காரணம், கண்டி அரசனையும் போர்த்துக்கேயரையும் பற்றி முதல் இரண்டு பக்கத்தில் நீங்களே விளக்குவதுதான். அவளுக்குத் தெரியாததை வாசகருக்கும் சொல்லாதீர்கள். அவளுக்குத் தெரிவது இதுதான்: அப்பாவின் தோணியைக் கல் ஏற்றப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

முடிவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். கோட்டை எழும்பியே தீரும், அதை மாற்ற முடியாது. அவள் வெல்வது அதற்குக் கீழே, சரித்திரத்தில் எழுதாத இடத்தில் இருக்க வேண்டும். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலில் கல் நந்தி புல் தின்று, வந்த பறங்கியரைத் திகைக்க வைத்த ஐதீகம் அப்படித்தான். கோட்டை இருந்தது, கோயிலும் இருந்தது. உங்கள் பிள்ளை கண்ணகை அம்மன் சிலம்பைப் படுவான்கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும். பெரியவர் யாரும் வந்து கடைசி நேரத்தில் கைகொடுக்கக் கூடாது. பதினைந்து வயதுக்காரியின் கதையில் முடிவெடுப்பது அவளாகவே இருக்க வேண்டும்.

அவளுக்கு ஐந்து வயதில் ஒரு தம்பி இருக்கிறானா? இல்லையென்றால் அந்த வயதில் ஒருவனை முதல் அத்தியாயத்திலேயே சேர்த்துவிடுங்கள். 1638இல் அவனுக்குப் பதினைந்து ஆகும், ஒல்லாந்தக் கப்பல் வரும்போது இரண்டாம் பாகம் அவனுடையது.

கண்டலுக்குள் ஒளிந்திருக்கும் அந்தப் பகலை முதலில் எழுதி அனுப்புங்கள். ஒரே ஆள் எழுத வேண்டாம். ஒருவர் எழுத, மற்றவர்கள் சத்தமாக வாசித்துக் கேட்கட்டும்.

அன்புடன்,
அண்ணா