கூலி எவ்வளவுன்னு கேளுங்க தம்பி

கேள்வி: ஐயா, எங்க எஸ்டேட் பையன்களுக்கு கால்பந்து டோர்னமெண்ட் வருது, பந்து வாங்கணும். அடிடாஸ், நைக்கி, மிக்காசா, மோல்டன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எது நல்ல பந்து? சின்னப் பிள்ளைங்க கை படாத பந்தா இருந்தா மனசுக்கு நிம்மதியா இருக்கும். போன இதழ்ல ஜெர்சி பத்தி நீங்க எழுதுனதுல எங்க கமிட்டிக்கு ரொம்ப வருத்தம்.
– கிளப் செயலாளர், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: சின்னப் பிள்ளைங்க கைன்னு எழுதிட்டீங்க தம்பி, முதல்ல அதைப் பேசிடுவோம். உங்க ஊரைச் சுத்தி எந்த எஸ்டேட் லயத்துக்கு (தொழிலாளிங்க வீட்டு வரிசைக்கு) வேணும்னாலும் போங்க, அறுபது வயசு தாண்டுன ஒரு ஆளைப் பிடிச்சு, பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி எத்தனை ரப்பர் மரத்துல ஒட்டுப்பால் உருவுனீங்கன்னு கேளுங்க. அம்மா கத்தி போடறதுக்கு முன்ன நேத்து வெட்டுன கோட்டுல காஞ்சு கிடக்கற பாலை நகத்தால நெம்பி ஒரே இழுப்பா உருவணும், பால் வடியற மங்குக் கிண்ணத்துல உறைஞ்சு கிடக்கற கட்டிய தோண்டிக் கூடையில போடணும், கொசு ஒரு பக்கம் பிடுங்கும். நானும் செஞ்சவன்தான். எங்கம்மா கொடுமைக்காரி இல்ல. அவங்களுக்கு ஒதுக்குன மர வரிசைய, அதான் நிரைய, ஒரு ஆள் கையால முடிக்க முடியாது, முடியலேன்னா அன்னைக்குக் கூலியில கை வைப்பாங்க, அவ்வளவுதான் காரணம்.

பாகிஸ்தான்ல சியால்கோட்னு ஒரு ஊரு, உலகத்துல கையால தைக்கிற பந்துல பெரும்பங்கு அங்கேர்ந்துதான் வருது. அங்கயும் இதே காரணம்தான். தைக்கிறவங்க ரெண்டு முழங்காலுக்கும் நடுவுல ஒரு மரக் கிடுக்கிய வச்சு அதுல ரெண்டு துண்டைச் சேர்த்துப் பிடிச்சு, ஒரே நூலோட ரெண்டு முனையிலயும் ஊசி கோத்து, ஒரே ஓட்டைக்குள்ள எதிரும் புதிருமா ரெண்டு ஊசியையும் விட்டு இழுத்து இறுக்குவாங்க. 32 துண்டு, 90 இணைப்பு. உள்பக்கம் வெளியே இருக்கற மாதிரி தைச்சுட்டு, பந்தைப் புரட்டி, காத்தடைக்கற பிளாடர உள்ள வச்சுட்டு, கடைசி இணைப்பை முடிச்சு வெளிய தெரியாம மூடணும், அதுதான் கஷ்டமான இடம். பழகுன பெரியவங்களே நாளைக்கு மூணு நாலு பந்துதான் தைப்பாங்க, கூலியும் பந்துக் கணக்குலதான். பந்துக் கணக்குல கூலி குடுத்தா வீட்டுல இருக்கற சின்னக் கையும் ஊசி பிடிக்கத்தான் செய்யும்.

1996ல ஒரு அமெரிக்கப் பத்திரிகையில பையன் ஒருத்தன் உக்காந்து நைக்கி பந்து தைக்கிற படம் வந்ததும் உலகமே கொந்தளிச்சுது. சியால்கோட்ல ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைங்க இந்த வேலையில இருக்காங்கன்னு ஐ.நா.வோட தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ. கணக்கு சொன்னுச்சு. 1997 பிப்ரவரியில அட்லாண்டாவுல ஐ.எல்.ஓ.வும் ஐ.நா.வோட பிள்ளைங்க அமைப்பான யூனிசெஃபும் சியால்கோட் வர்த்தக சபையும் ஒப்பந்தம் போட்டாங்க, வீட்டுல நடந்த தையலை எல்லாம் அதிகாரிங்க வந்து பாக்கற மாதிரி தையல் நிலையங்களுக்கு மாத்துனாங்க. பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்குப் போனாங்க, அது பெரிய காரியம், நான் கைதட்டி வரவேற்கிறேன். ஆனா வீட்டை விட்டு வெளிய போக முடியாத பொம்பளைங்க கையிலேர்ந்து வேலை நழுவிப் போச்சு, அவங்களுக்குன்னு தனி நிலையம் வந்தது அப்புறம்தான். ஒரு பந்துக்கு இவ்வளவு கூலின்னு அந்த ஒப்பந்தம் நிர்ணயிக்கவும் இல்ல. 2006ல வீட்டுக்கு வேலை போகுதுன்னு சொல்லி நைக்கி அங்க இருந்த தன்னோட பெரிய சப்ளையரையே விட்டுட்டுப் போச்சு. தைச்சுக்கிட்டிருந்த ஆயிரக்கணக்கான பேரு தெருவுல நின்னாங்க. பிள்ளை கையை எடுத்துட்டா போதுமா, அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் கூலிய ஏத்து, பிள்ளை தானா பள்ளிக்கூடம் போயிரும்! நம்ம நாட்டுலயே 2013லதான் குறைந்தபட்ச சம்பளச் சட்டம் நடைமுறைக்கு வந்துச்சு, அதுக்குள்ள நம்ம ஆளுங்க முக்காவாசிப் பேரு எஸ்டேட்ட விட்டே வந்தாச்சு.

சரி, பிராண்டு. 2014 உலகக் கோப்பை பிரசூக்கா, 2018 டெல்ஸ்டார், 2022 அல் ரிஹ்லா, மூணுமே அடிடாஸ் பேருல சியால்கோட் ஃபேக்டரியில செஞ்சதுதான். மிக்காசாவும் மோல்டனும் ஹிரோஷிமாக் கம்பெனிங்க. பேரைப் பாத்து பந்து வாங்காதீங்க.

1970ல வந்த பழைய டெல்ஸ்டார், கறுப்பு ஐங்கோணம் 12, வெள்ளை அறுகோணம் 20, அதுதான் இன்னைக்கும் நம்ம கண்ணுக்குப் பந்து. 2006 உலகக் கோப்பைப் பந்து 14 துண்டாச்சு, தைக்காம சூட்டுல ஒட்டுனாங்க. 2010 ஜபுலானி 8 துண்டு, மேல வழவழன்னு இருந்ததால வேகமா அடிச்சா காத்துல அலையும், கோல்கீப்பருங்க எல்லாம் திட்டித் தீத்தாங்க. பந்து நேராப் போறதுக்கு அந்த இணைப்பு வரப்புதான் பெரிய உதவி, அதனாலதான் பிரசூக்காவுல 6 துண்டுதான்னாலும் இணைப்பை நீளமாவும் ஆழமாவும் விட்டாங்க. கோல்கீப்பர்னதும் நம்ம ஆறுமுகத்த சொல்லாம போக மனசு வரல. 1980ல மெர்டேக்கா ஸ்டேடியத்துல தென்கொரியாவ 2-1ன்னு ஜெயிச்சு மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு இடம் பிடிச்ச மலேசிய டீம்ல கோல்ல நின்னவரு, ஸ்பைடர்மேன்னு நாடே கூப்பிட்ட மனுஷன். அந்த ஒலிம்பிக்க நம்ம நாடும் புறக்கணிச்சதால டீம் போகவே இல்ல, எனக்கு இன்னும் ஆறல.

ஜெர்சிக்கு வர்றேன். நான் எழுதுனது எழுதுனதுதான். தொகுதி மக்கள் பிரதிநிதி ஒய்.பி. படம் நெஞ்சுல, ஸ்பான்சர் பேரு முதுகுல, கமிட்டிக்குத் தனியா காலர் வச்ச டீ சட்டை, ஆனா பிராக்டிஸுக்கு முப்பது பையன்களுக்கு ஒரே ஒரு பந்து, அதுவும் பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில வாங்கி முட்டை மாதிரி ஆனது. எஸ்டேட்ட துண்டு போட்டு வித்தப்போ பாடாங்கும் (விளையாட்டுத் திடலும்) சேர்ந்து போச்சு, அப்ப எந்தக் கமிட்டியும் வாயைத் தொறக்கல. உங்க ஊருக்காரர், மந்திரியா இருந்த துன் சம்பந்தன் 1960ல கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சப்ப மாசம் நம்ம நாட்டுக் காசுல பத்து வெள்ளி போட்டு எஸ்டேட்டையே வாங்குன சனம் நாம, பையன்களுக்கு ஒரு பாடாங்கக் காப்பாத்த முடியலையா? வருத்தம் எனக்குத்தான் இருக்கணும்.

இப்ப வாங்குற விஷயம். பன்னெண்டு வயசுக்குள்ள 4ஆம் நம்பர், அதுக்கு மேல 5. 5ஆம் நம்பர்னா சுத்தளவு 68லேர்ந்து 70 சென்டிமீட்டர், எடை 410லேர்ந்து 450 கிராம், கடையிலயே தராசுல போட்டுப் பாருங்க. பிளாடர் கித்தாப் பால்ல (ரப்பர்ப் பால்ல) செஞ்சதுன்னா துள்ளல் நல்லா இருக்கும் ஆனா காத்து சீக்கிரம் இறங்கும், தினம் பம்ப் அடிக்க ஆள் இல்லேன்னா பியூட்டைல்ங்கற செயற்கை ரப்பர் பிளாடர் வச்சதா வாங்குங்க. ஃபிஃபா முத்திரை இருந்தா எடையும் உருண்டையும் துள்ளலும் சோதிச்சது, ஆனா தைச்சவங்க கூலி என்னன்னு அந்த முத்திரை சொல்லாது. செஞ்சவங்களுக்கு நியாயம் கிடைக்கணும்னு போடற ஃபேர்டிரேட் முத்திரை உள்ள பந்தும் சியால்கோட்லேர்ந்து வருது, ஈப்போ கடையில கேட்டுப் பாருங்க, வரவழைக்க முடியும்னா விலை கூடுனாலும் ஜெர்சிக் காசுல பாதிய எடுத்து அதை வாங்குங்க. எந்தப் பந்து வாங்குனாலும் கடைக்காரர்கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க: எந்த ஊர்ல செஞ்சது, செஞ்சவங்களுக்கு என்ன கூலி. அவரு என்ன சொன்னாருன்னு எனக்கு எழுதுங்க, தெரியாதுன்னு சொன்னாலும் எழுதுங்க, அடுத்த இதழ்ல இதே பக்கத்துல போடறேன்.