முழங்கால் இனித் தாங்காது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். 14 வருடம் பரதநாட்டியம் ஆடிய நான் இனி என்ன தொழிலுக்குப் போவது?

உங்களுக்கு 31 வயது, முல்லைத்தீவுப் பக்கம் திருவிழா மேடைகளிலும் கலாசார விழாக்களிலும் ஆடியே பிழைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் மாங்குளத்துக்கு அருகே ஒரு கோயில் மேடை என் கண்முன் வந்தது. வர்ணம் என்கிற நீண்ட நடனத்தின் நடுவில், முழங்காலை முழுதாக மடக்கி உட்காரும் முழுமண்டியில் அமர்ந்தவளால் எழ முடியவில்லை. மிருதங்கக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அதே தாளக் கோர்வையை இன்னும் இரண்டு தடவை வாசித்தார். அதற்குள் எப்படியோ எழுந்துவிட்டேன். சபையில் ஒருவருக்கும் தெரியவில்லை. அப்போது எனக்கு 33 வயது.

அதன்பிறகு ஆட்டத்தை அடியோடு நிறுத்திவிட்டுத்தான் வேறு தொழில் தேடினேன். ஒன்றரை வருடம் கையில் காசும் இல்லை, மனதில் தெம்பும் இல்லை. அந்த வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனபோது, காவடிக்காரரின் சலங்கைச் சத்தம் கேட்டதும் அம்மாவை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள் தங்கச்சி. சிறு நடன உருப்படிகளுக்காவது மேடை கிடைக்கிற இந்த நாட்களிலேயே அடுத்த தொழிலில் கை வையுங்கள்.

பிரிட்டனில் 1973இலும் கனடாவில் 1985இலும் இதற்கென்றே அமைப்புகளைத் தொடங்கினார்கள். நடனக் கலைஞர் வேறு தொழில் படிக்கப் பணம் தருகிறார்கள், கூட இருந்து ஆலோசனையும் சொல்கிறார்கள். ஆடிக்கொண்டிருக்கும்போதே வந்து பேசுங்கள் என்றுதான் கலைஞர்களைக் கூப்பிடுகிறார்கள். நமக்கு அப்படி ஒரு கை இல்லை. மாதச் சம்பளக்காரருக்கு ஊழியர் சேமலாப நிதியில் அவருடைய 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் சேர்கிறது. மேடைக்கு மேடை கூலி வாங்கும் நமக்குச் சேர்வது ஒன்றுமில்லை. இது எனக்கு இன்றைக்கும் ஆறாத மனக்குறை.

எல்லோரும் முதலில் சொல்வது, வகுப்பு நடத்து என்பதுதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நுண்கலைக் கழகப் பட்டமோ வட இலங்கை சங்கீத சபைத் தேர்வுகளோ உங்களிடம் இருந்தால் அது நல்ல வழிதான். ஆனால் சிறு பிள்ளைக்குத் தட்டடவு என்ற முதல் காலடிப் பயிற்சியைச் சொல்லிக் கொடுக்க நாமும் சேர்ந்து தட்டத்தான் வேண்டும், அதுவும் பெரும்பாலும் சீமெந்துத் தரையில். வலியோடு அதையே முழுநேரத் தொழிலாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. தாளம் தட்டிச் சொற்கட்டுச் சொல்லி ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கம் கைவருமானால் அதைக் கூர்மையாக்குங்கள். இருந்த இடத்தில் தாளத்தோடு செய்யும் வேலை. எங்கள் பக்க அரங்கேற்றங்களுக்கு அதற்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து ஆள் கூட்டிவந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்குச் சோறு போட்டது தையல். பள்ளிக்கூடத்து வாணி விழாவுக்கும் தமிழ்த்தினப் போட்டிக்கும் உடை தேடி அலையும் தாய்மாரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சாதாரணத் தையல்காரர் பிள்ளையை நிற்க வைத்து அளவெடுப்பார். முழங்காலைப் பாதி மடக்கி இருக்கும் முதல் அரைமண்டியிலேயே கால்சட்டை தொடையிடுக்கில் கிழியும், முன்பக்க மடிப்பு விசிறி பாதிதான் விரியும். நான் நாடாவை எடுத்ததும் பிள்ளையிடம், "அரைமண்டியில் இரு" என்பேன். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை வெளிப்பக்கம் ஓர் அளவு, தொடையின் உட்பக்கம் ஓர் அளவு. பிறகு நிற்க வைத்து மறுபடியும். பட்டுச் சேலையின் கரையை முன்னுக்கு விட்டு மடிப்பு மடிப்பாக அடுக்கி, ஓட்டுத் தையலால் பிடித்து, இஸ்திரி போட்டு, இரவு முழுதும் பாரம் வைத்துவிடுவேன். காலையில் ஓட்டுத் தையலைப் பிரித்தால் மடிப்பு கத்தி முனைபோல நிற்கும். உடை எங்கே இழுக்கும், எங்கே குத்தும் என்பது 20 வருடம் அதை உடுத்து வியர்த்த உடம்புக்குத்தான் தெரியும். முதல் வருடம் தைத்தது ஏழே உடை. இப்போது விசுவமடு, தருமபுரம், நெடுங்கேணியிலிருந்தெல்லாம் வருகிறார்கள்.

சான்றிதழை அலட்சியம் செய்யாதீர்கள். தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழை வகுப்புக்குப் போகாமலே, ஏற்கெனவே தெரிந்த வேலையைச் செய்து காட்டியும் பெறலாம். தையலுக்கும் உண்டு, அழகுக்கலைக்கும் உண்டு. தொழிற்பயிற்சி தரும் அரச நிறுவனமான நைட்டாவின் அலுவலகத்தில் முன் அனுபவத்தின் அடிப்படையில் மதிப்பீடு வேண்டும் என்று கேளுங்கள். செய்த வேலைகளின் புகைப்படங்களை இன்றிலிருந்தே சேர்த்து வையுங்கள். வங்கியில் கடன் கேட்டுப் போகும்போது, "நடனம் ஆடினேன்" என்பதைவிட அந்தத் தாளுக்கு மதிப்பு அதிகம். கேட்கக் கசப்பாக இருந்தாலும் அதுதான் உண்மை.

மணப்பெண் அலங்காரமும் நமக்குப் பழகிய வேலைதான். நெற்றிச்சுட்டி நழுவாமல் குத்தவும், வியர்வையில் கரையாமல் மை இடவும் நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. முன்பள்ளியில் படிப்பிக்கப் போனவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்த அனுபவம் இல்லாததால் அதைப் பற்றி நீட்டி எழுதவில்லை.

முழங்காலுக்கு இயன்மருத்துவரிடம் ஒழுங்காகப் போங்கள். உங்கள் பழைய உடைகளில் ஒன்றை எடுத்து விசிறியை மட்டும் பிரித்து, மடிப்புகளை எண்ணி, நீங்களே திரும்பத் தைத்துப் பாருங்கள். மடிப்பு பிடிபடாவிட்டால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எங்கே பிழைத்தது என்று பார்த்துச் சொல்கிறேன்.