அறைக்குள் 14 நாள்: எந்த வேலை முதலில்?

(கொரோனா பயணக் கட்டுப்பாடுகள் இருந்த காலத்தில் வந்த கேள்வி இது. கீழே வரும் தனிமைப்படுத்தல், கொரோனா பரிசோதனை, தடுப்பூசிச் சான்றிதழ் விதிகள் அப்போதையவை.)

கேள்வி: குடியேற்ற விசா கிடைத்துவிட்டது. இன்னும் ஆறு வாரத்தில் கணவரோடும் நான்கு வயது மகளோடும் வெளிநாடு கிளம்புகிறேன். அங்கே எங்களுக்கு ஒருவரையும் தெரியாது. இறங்கியதும் 14 நாள் தனிமைப்படுத்தல் உண்டாம். எங்களில் யாருக்காவது கொரோனா வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அறைக்குள்ளேயே கிடந்தால் வங்கி, வீடு, பள்ளி வேலைகளை எப்போது பார்ப்பது?

பதில்:

அன்புச் சகோதரி,

பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். முறையான அனுமதியோடு நாட்டுக்குள் வந்துவிட்டவரைக் கொரோனா வந்தது என்பதற்காகத் திருப்பி அனுப்புவது வழக்கமில்லை. காய்ச்சலை மறைப்பதும், சுகாதாரப் படிவத்தில் பொய் எழுதுவதும், தனிமைக் காலத்தில் வெளியே போவதும்தான் அபராதத்தில் கொண்டுபோய் விடும். பிரிட்டன் போன்ற சில நாடுகளில் கொரோனா சிகிச்சை எல்லாருக்கும் இலவசம். குடியேற்ற நிலை எதுவாக இருந்தாலும் கட்டணம் இல்லை. நீங்கள் போகும் நாட்டின் விதியைச் சுகாதாரத் துறையின் இணையதளத்தில் பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள்.

பலருடைய பயணம் நோயால் தடைப்படுவதில்லை, காகிதத்தால்தான் தடைப்படுகிறது. பிசிஆர் எனும் கொரோனா பரிசோதனையின் அறிக்கையில் உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். நம் பெயர்களில் இது பெரிய தொல்லை. பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயராக நிற்கும். ஆய்வகத்தில் ஒற்றை எழுத்தோடு பதிந்துவிடுவார்கள். மாதிரி கொடுக்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டி, அதன் எண்ணையும் பிறந்த தேதியையும் சேர்க்கச் சொல்லுங்கள். தடுப்பூசிச் சான்றிதழுக்கும் இதே கவனம் வேண்டும். பரிசோதனை அறிக்கை 72 மணி நேரத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்றால், எதிலிருந்து எதுவரை என்று கேளுங்கள். பெரும்பாலும் மாதிரி எடுத்த நேரத்திலிருந்துதான் கணக்கு. ஆனால் முடிவது விமானம் ஏறும் நேரத்திலா, இறங்கும் நேரத்திலா என்பது நாட்டுக்கு நாடு மாறும். நடுவில் விமானம் மாறுகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். குடும்பத்தில் யாருக்காவது சமீபத்தில் கொரோனா வந்து குணமாகியிருந்தால், வைரஸின் மிச்சத்தால் பல வாரம் கழித்தும் பிசிஆர் பாசிட்டிவ் காட்டலாம். அப்போதைய பழைய அறிக்கையையும் குணமானதற்கான மருத்துவர் கடிதத்தையும் எடுத்துப் போங்கள்.

தங்கும் இடத்தை வாடகை குறைவு என்பதற்காக மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். திறக்கக்கூடிய ஜன்னல், சமைக்க அடுப்பு, முடிந்தால் இரண்டு அறை, இவை வேண்டும். இரண்டு அறை எதற்கு என்றால், கிருமி தொற்றியவருக்குப் பெரும்பாலும் சில நாளில் அறிகுறி தெரியும். சிலருக்கு 14 நாள்கூட ஆகலாம். பத்தாவது நாளில் ஒருவருக்கு உறுதியானால், ஒரே அறையில் இருந்த மற்றவர்களுக்கு நாள் கணக்கு பல நாடுகளில் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். தனி அறையில் ஒதுங்கியிருந்தால் அந்த நீட்டிப்பைக் குறைக்க முடியும். அறைக்கான முன்பதிவை நீட்டிக்க இடம் இருக்கிறதா என்றும் கேட்டு வையுங்கள்.

கைப்பையில் போக வேண்டியவை: எல்லாருடைய வழக்கமான மருந்துகளும் அட்டையோடு, கம்பெனிப் பெயர் மட்டுமல்லாமல் மூலமருந்தின் பெயரும் எழுதிய மருந்துச் சீட்டோடு, தெர்மாமீட்டர், விரலில் மாட்டி ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர், குழந்தைக்குப் பாரசிட்டமால். தூக்க மாத்திரைகளும் கோடீன் கலந்த இருமல் மருந்தும் சில நாடுகளில் தடை, ஆகவே முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். குழந்தைக்குப் பாரசிட்டமால் அளவு வயதை வைத்து அல்ல, எடையை வைத்துத்தான்: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், நான்கிலிருந்து ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் கூடாது. மருந்து ஒவ்வொரு பாட்டிலிலும் வேறு வேறு செறிவில் வரும். உங்கள் பாட்டிலில் எத்தனை மில்லிலிட்டர் கொடுக்க வேண்டும் என்பதைக் கிளம்பும் முன்பே குழந்தை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். ஆக்சிமீட்டரில் பார்க்கும்போது விரல் குளிர்ந்திருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் எண் குறைவாகக் காட்டலாம். நகப்பூச்சை அழித்து, விரலைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி பாருங்கள். அப்போதும் 94-க்குக் கீழே இருந்தால் மருத்துவ உதவி எண்ணை அழையுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் எண்ணையே பார்க்காமல் அவசர எண்ணை அழையுங்கள். பல நாடுகளின் சுகாதாரத் தொலைபேசிகளில் மொழிபெயர்ப்பாளர் உண்டு. 'தமிழ்' என்ற ஒரு சொல் போதும். தங்கும் முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

காப்பீட்டில் ஒரு பள்ளம் இருக்கிறது. அரசு மருத்துவத் திட்டத்தில் பதிவாவதற்கு முன் சில நாடுகளில் காத்திருப்புக் காலம் உண்டு. அந்த இடைவெளிக்கு வாங்கும் பயணக் காப்பீடு, திரும்பும் டிக்கெட் இல்லாதவருக்குச் செல்லாமல் போகலாம். பெருந்தொற்றை விலக்கியும் இருக்கலாம். இந்த இரண்டு கேள்வியையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள்.

இனி, அறைக்குள் செய்ய வேண்டிய வேலைகள். வங்கி முகவரிச் சான்று கேட்கும். வீட்டுக்காரர் வங்கிக் கணக்கு கேட்பார். இருவருமே உள்ளூர் எண் கேட்பார்கள். இந்தச் சுழலை அவிழ்க்கும் முதல் முடிச்சு தொலைபேசி எண்தான். விமான நிலையத்திலேயே சிம் வாங்கிவிடுங்கள், அல்லது கிளம்பும் முன்பே இ-சிம் (அட்டை இல்லாமல் தொலைபேசிக்குள்ளேயே பதிவாகும் சிம்) எடுத்துக்கொள்ளுங்கள். அதிகாரிகள் தனிமைப்படுத்தலைச் சரிபார்க்க அழைக்கும்போது எடுக்காமல் விட்டால் அதுவே பிரச்சினையாகும். ஊர் சிம்மை அணைத்துவிடாதீர்கள். ஊர் வங்கியின் ஓடிபி அதற்குத்தான் வரும், ஆகவே ரோமிங்கில் குறுஞ்செய்தி வருகிறதா என்று பார்த்து, ரீசார்ஜ் தீராமல் வைத்திருங்கள். அடுத்து, தங்கும் இட முன்பதிவுக் கடிதத்தையும் குடியேற்றக் கடிதத்தையும் காட்டி இணையத்தில் கணக்குத் தொடங்கும் வங்கியைத் தேடுங்கள். குடியிருப்பு அட்டை வாங்கவோ கைரேகை கொடுக்கவோ கெடு இருந்தால், தனிமையில் இருப்பதைச் சொல்லி முதல் நாளே மின்னஞ்சலில் அவகாசம் கேளுங்கள். பள்ளிச் சேர்க்கைக்கு மகளின் தடுப்பூசி அட்டையை ஆங்கிலத்திலோ அந்த நாட்டு மொழியிலோ மாற்றி, மருத்துவர் முத்திரையோடு கொண்டு போங்கள். அது இல்லாவிட்டால் போட்ட ஊசிகளையே மறுபடி போடச் சொல்லலாம்.

வீடு விஷயத்தில் மட்டும் எங்கள் குரலைக் கொஞ்சம் உயர்த்துகிறோம். நேரில் போய்ப் பார்க்க முடியாத 14 நாளில்தான் ஏமாற்றுக்காரர்கள் வலை விரிக்கிறார்கள். 'நானும் ஊரில் இல்லை, முன்பணம் அனுப்பினால் சாவி தபாலில் வரும்' என்பவருக்கு ஒரு காசும் அனுப்பாதீர்கள். வீடியோவில் பார்த்துப் பிடித்திருந்தாலும், வெளியே வந்து கதவைத் திறந்து பார்த்த பிறகே ஒப்பந்தம். தனிமை முடிந்த பின்னும் இரண்டு வாரம் தங்கத் தற்காலிக இடம் பிடித்து வைத்தால் இந்த அவசரமே வராது. குடியேற்றத் துறையிலிருந்து பேசுவதாகச் சொல்லி, நாடு கடத்துவோம் என்று மிரட்டி, பரிசு அட்டை (கிஃப்ட் கார்டு) எண்ணோ பணமோ கேட்டால் உடனே வைத்துவிடுங்கள். எந்த அரசு அலுவலகமும் பரிசு அட்டையில் அபராதம் வாங்குவதில்லை. சந்தேகம் தீராவிட்டால், அலுவலகத்தின் எண்ணை இணையதளத்தில் பார்த்து நீங்களே அழையுங்கள்.

இந்த வாரம் பல் மருத்துவரையும் கண் மருத்துவரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பல நாடுகளில் அரசு மருத்துவத் திட்டம் இந்த இரண்டையும் முழுதாக ஏற்பதில்லை.