ஜிஎஸ்டி 0.04: ஒரே கூட்டமா, இரண்டா?

பினாங்கின் தெலுக் பஹாங், பத்து மாவுங் கொடுவா மீன்களுக்கு இடையே ஜிஎஸ்டி (மலேசியாவில் 2018இல் போன வரி இல்லை, கூட்டங்களுக்கு இடையிலான மரபணு வேறுபாட்டின் அளவு!) 0.04தான், ஒரே கூட்டம் என்று எழுதலாமா எனக் கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். நீங்கள் பார்த்தது மைக்ரோசாட்டிலைட், அதாவது ஆளுக்கு ஆள் நிறைய மாறும் டிஎன்ஏ துண்டுகள். இரண்டு இடத்திலும் உள்ளேயே ஹெட்டரோசைகோசிட்டி (ஒரு கூட்டத்துக்குள் இருக்கும் மரபணுப் பன்மை) 0.85 என்கிறீர்கள். அப்படியானால், இரண்டுக்கும் பொதுவான அல்லீல் (மரபணு வடிவம்) ஒன்றுகூட இல்லாவிட்டாலும் ஜிஎஸ்டி சுமார் 0.08ஐத் தாண்டாது. 0.04 என்பது அதில் பாதி! இந்தக் கோளாறுக்காகத்தான் ஆய்வாளர் ஜோஸ்ட் 2008இல் 'டி' அளவைக் கொடுத்தார்; அதில் 0 என்றால் வேறுபாடே இல்லை, 1 என்றால் முழு வேறுபாடு. உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தேன், சுமார் 0.47 வருகிறது. ஜிஎஸ்டி, டி இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

அப்புறம், கூண்டிலிருந்து தப்பிய வளர்ப்பு மீன் ஏதும் வலையில் விழவில்லையே? ஒரே பொரிப்பகத்து உடன்பிறப்புகள் நாலைந்து சேர்ந்தாலே வேறுபாடு பொய்யாக ஏறிவிடும். முதலில் மீன்களுக்குள் இரத்த உறவு உண்டா என்று சோதியுங்கள்.