மாட்டின் விலையும் இறைச்சியின் விலையும்

அன்புள்ள ஐயா,

தாராள வணிகத்தால் அமெரிக்க மாட்டுப் பண்ணையாளர்களுக்கு நஷ்டம் என்று நீங்கள் எழுதியது எனக்கு ஒப்பவில்லை. வணிகத்துக்கு எல்லை திறந்தால் வாங்குபவர்களும் கூடுவார்கள்தானே? மாட்டிறைச்சி விலையும் அங்கே ஏறிக்கொண்டுதான் போகிறது. பிறகு வளர்ப்பவருக்கு என்ன நஷ்டம்? போட்டிபோட முடியாதவர்களின் புலம்பல் என்றுதான் தோன்றுகிறது.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நடுவில் நிற்பவர்களை, பண்ணையாளரிடம் மாட்டை வாங்கி அறுத்து இறைச்சியாக விற்கும் நிறுவனங்களைக் கவனியுங்கள். டைசன், ஜேபிஎஸ், கார்கில், நேஷனல் பீஃப். தீவனம் போட்டுக் கொழுக்கவைத்த மாடுகளில் சுமார் 85 சதவீதத்தை இந்த நான்கு நிறுவனங்கள்தான் அறுக்கின்றன. 1977-இல் முதல் நான்கு நிறுவனங்களின் பங்கு 25 சதவீதம்தான்.

2019 ஆகஸ்டில் கான்சஸ் மாநிலத்து ஹோல்கோம்பில் டைசனின் ஆலை தீப்பிடித்தது. நாளொன்றுக்குச் சுமார் 6,000 மாடுகளை அறுக்கும் ஆலை. மாட்டு விலை சரிந்தது, இறைச்சியின் மொத்த விற்பனை விலையோ ஏறியது. அறுக்க இடம் குறைந்தால் அப்படித்தான் ஆகும் என்பார்கள் பொருளியலாளர்கள். சரிதான். ஆனால் ஓர் ஆலை நின்றதும் நாட்டுச் சந்தையே ஆட்டம் காண்கிறது என்றால், அந்தச் சந்தை எத்தனை பேர் கையில் இருக்கிறது? அடுத்த ஆண்டு கொரோனாவிலும் இதே கதைதான்.

பண்ணையாளரின் இடத்தில் நின்று பாருங்கள். மாடு 600 கிலோவைத் தாண்டிவிட்டது, விற்றாக வேண்டும். வைத்திருந்தால் தினமும் தீவனச் செலவு. கொழுப்பு கூடிப்போனால் விலையில் பிடித்தம் வேறு. வாங்க வருகிறவர் பெரும்பாலும் ஒருவரோ இருவரோதான். விலை படியாவிட்டால் அவர் அடுத்த வாரம் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம். மாடு காத்திருக்காது. பெரும்பாலான மாடுகள் முன்கூட்டியே ஒப்பந்தத்தில் போய்விடுகின்றன. அவற்றின் விலையும், பேரம் பேசி விற்கப்படும் கொஞ்ச மாடுகளின் விலையை ஒட்டியே போடப்படுகிறது. அந்தக் கொஞ்சம் இறங்கினால் எல்லாம் இறங்கும்.

இனி உங்கள் எல்லைக்கு வருவோம். ஜேபிஎஸ் பிரேசில் நிறுவனம். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரேசில் மூன்றிலும் அதற்கு ஆலைகள் உண்டு. எல்லை திறந்ததும் தாராளமாகக் கடந்து போக முடிந்தது இப்படிப்பட்ட நிறுவனங்களால்தான். டெக்சாஸ்காரர் மாட்டை ஓட்டிக்கொண்டு வேறு நாட்டில் ஆள் தேட முடியுமா?

சரி, தன் மாட்டு இறைச்சியை இன்ன நாட்டுடையது என்று சொல்லியாவது விற்கலாமே? பிறந்த, வளர்ந்த, அறுத்த நாட்டை லேபிளில் போடவேண்டும் என்ற விதி இருந்தது. கனடாவும் மெக்சிகோவும் உலக வணிக அமைப்பில் வழக்குப் போட்டு வென்றன. ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் பதிலடி வரி விதிக்கலாம் என்று தீர்ப்பு. 2015 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் மாட்டிறைச்சிக்கும் பன்றி இறைச்சிக்கும் அந்த விதியை நீக்கியது. அப்புறம் பல ஆண்டுகள், வெளிநாட்டிலிருந்து வந்த இறைச்சியை உள்நாட்டு ஆலையில் வெட்டிக் கட்டினாலே ‘அமெரிக்கப் பொருள்’ என்று ஒட்ட முடிந்தது. இது எனக்கு இன்றும் ஆறாத கோபம். அங்கேயே பிறந்து, வளர்ந்து, அறுக்கப்பட்டதற்கு மட்டுமே அந்தப் பெயர் என்ற புதிய விதி 2026 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவும், லேபிள் ஒட்டியே ஆகவேண்டும் என்ற கட்டாயமில்லை.

இன்று மாட்டு விலையும் உச்சத்தில் இருக்கிறதே என்பீர்கள். உண்மை. 2025 தொடக்கத்தில் அங்கே இருந்தவை சுமார் 8.67 கோடி மாடுகள், 1951-க்குப் பிறகு மிகக் குறைவு. வறட்சி ஒரு காரணம், தொழிலை விட்டுப் போனவர்கள் இன்னொரு காரணம். மந்தை பெருக வேண்டுமென்றால் கிடேரிக் கன்றை விற்காமல் நிறுத்த வேண்டும். அது வளர்ந்து, ஈன்று, அதன் கன்று அறுப்புக்குப் போக மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அன்றைக்குக் கொட்டில் வாசலுக்கு எத்தனை பேர் வாங்க வருவார்கள் என்று தெரியாமல், யார் அந்தக் கிடேரியை நிறுத்துவார்?