அமெரிக்க வர்த்தக நீதிமன்ற நீதிபதி ஆவது எப்படி?

தங்கை, சென்னையில் பி.எல். முடித்து எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கானது) நியூஜெர்சி வந்திருக்கிறீர்கள். சுங்க, இறக்குமதி வரி வழக்குகளை விசாரிக்கும், நியூயார்க்கில் உள்ள சர்வதேச வர்த்தக நீதிமன்றத்தில் நீதிபதியாக என்ன தேர்வு எழுத வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள்.

தேர்வே கிடையாது. டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் சிவில் நீதிபதி தேர்வு மாதிரி இங்கே எதுவும் இல்லை. மொத்தம் ஒன்பது இடங்கள், ஆயுட்காலப் பதவி. அதிபர் பெயரை அனுப்புவார், செனட்டின் நீதித்துறைக் குழு விசாரிக்கும், பிறகு செனட் ஒப்புதல் தரவேண்டும். வயது, பட்டம் என்று அரசியல் சாசனம் எதையும் கேட்பதில்லை. வெளிநாட்டில் பிறந்ததும் தடையல்ல. சண்டிகரில் பிறந்த தமிழர் ஸ்ரீ சீனிவாசனை 2013-ல் செனட் 97-0 என்ற கணக்கில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பியது.

வர்த்தக நீதிமன்றத்துக்கு மட்டும் தனி விதி ஒன்று உண்டு: ஒரே கட்சியைச் சேர்ந்தவர்கள் ஐந்து பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அதனால்தான் ஜனநாயகக் கட்சிக்காரரான டிமதி ரைஃபை டிரம்ப் நியமித்தார். ரைஃபின் பெயர் 2018-ல் செனட்டுக்குப் போனது. அந்த நாடாளுமன்றத்தின் காலம் முடிந்ததும் காலாவதியாகித் திரும்பியது. 2019-ல் மறுபடி அனுப்பிய பிறகே ஒப்புதல் கிடைத்தது. 2025 மே மாதம் அவசரநிலை அதிகாரச் சட்டத்தைக் காட்டி டிரம்ப் விதித்த இறக்குமதி வரிகள் செல்லாது என்று தீர்ப்பளித்த மூவர் அமர்வில் ரைஃபும் ஒருவர். ஆயுட்காலப் பதவி என்பதன் அருமை அங்கேதான் தெரிகிறது.

இங்கே வருபவர்கள் பெரும்பாலும் இந்தத் துறையிலேயே ஊறியவர்கள். ரைஃப் அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகத்தின் தலைமைச் சட்ட ஆலோசகராக இருந்தவர். மார்க் பார்னெட் வணிகத் துறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். கிளேர் கெல்லி சட்டப் பேராசிரியராக இருந்தவர். லியோ கார்டன் இதே நீதிமன்றத்தின் நிர்வாகத்தில் இருந்து, 2006-ல் நீதிபதி ஆனவர்.

உங்கள் வேலை முதலில் நியூயார்க் பார் தேர்வு, அதாவது வழக்கறிஞர் உரிமத் தேர்வு. உங்கள் பட்டத்தை அங்குள்ள தேர்வு வாரியம் மதிப்பிட வேண்டும். மதிப்பெண் பட்டியல் பல்கலைக்கழகத்திலிருந்து நேராக அவர்களுக்குப் போக வேண்டும். நீங்கள் கையில் கொண்டுபோனால் ஏற்க மாட்டார்கள். பலருக்கும் மாதக்கணக்கில் இழுப்பது இதுதான், இன்றே எழுதிப் போடுங்கள். பட்டம் போதாது என்றால் குறைந்தது 24 கிரெடிட் கொண்ட எல்.எல்.எம். (முதுநிலைச் சட்டப் படிப்பு) படிக்க வேண்டியிருக்கும். சேரும் முன்பே, அந்தப் படிப்பு நியூயார்க் விதிக்குப் பொருந்துமா என்று கல்லூரியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு சுங்க வழக்குகள் நடத்தும் அலுவலகம் ஒன்றில் சேருங்கள். இந்தத் துறையில் கெடுதான் உயிர். சுங்கத் துறை ஓர் இறக்குமதியின் வரிக் கணக்கை முடித்த நாளிலிருந்து 180 நாளுக்குள் ஆட்சேபம். அதை நிராகரித்தால் மேலும் 180 நாளுக்குள் வழக்கு, அதுவும் வரியைக் கட்டிய பிறகே. பொருள் குவிப்புத் தடுப்பு வரி (அடிமாட்டு விலைக்கு வந்து இறங்கும் வெளிநாட்டுப் பொருள்மீது போடும் கூடுதல் வரி) வழக்குகளில் 30 நாள்தான். தவறவிட்டால் நல்ல வழக்கும் வாசலிலேயே நின்றுவிடும்.

நீதிபதியிடம் சம்பளத்துக்கு லா கிளார்க்காக (ஆய்விலும் தீர்ப்பு எழுதுவதிலும் நீதிபதிக்கு உதவும் சட்ட உதவியாளர்) சேர எச்-4 உதவாது. கிரீன் கார்டு வந்து, குடியுரிமை கோரும் எண்ணமும் இருந்தால் வழி உண்டு. அதுவரை சம்பளமில்லாத பயிற்சி கிடைக்குமா என்று நீதிபதிகளின் அலுவலகங்களுக்கு எழுதிப் பாருங்கள்.