சந்தை இறங்கிக்கொண்டே இருக்கிறது, எஸ்ஐபி-யை (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் தவணையை) நிறுத்திவிடலாமா?

இந்தப் பணம் உங்களுக்கு எப்போது தேவை? மூன்று வருடத்துக்குள் காலேஜ் ஃபீஸ், வீட்டுக்கு அட்வான்ஸ் என்று ஏதாவது இருந்தால், அந்தத் தொகை ஈக்விட்டி ஃபண்டில், அதாவது பங்குகளில் முதலீடு செய்யும் ஃபண்டில், இருக்கவே கூடாது. சந்தை ஏறினாலும் இதே பதில்தான். ஏழெட்டு வருடம் அவகாசம் இருந்தால் எஸ்ஐபி ஓடட்டும்.

2020 ஜனவரியில் 12,430 வரை போன நிஃப்டி (50 பெரிய கம்பெனிகளின் பங்குக் குறியீடு), மார்ச் 24 அன்று 7,511-ஐத் தொட்டது. கிட்டத்தட்ட 40% சரிவு. நவம்பரிலேயே பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. எல்லாரும் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். 2008 ஜனவரி உச்சமான 6,357-ஐத் தாண்ட 2013 டிசம்பர் ஆனது என்பதை யாரும் சொல்வதில்லை. சிறிய கம்பெனிகளின் பங்குகளை வாங்கும் ஸ்மால்கேப் ஃபண்டில் மொத்தத்தையும் போட்டிருப்பவர்கள் அதைவிட நீண்ட காத்திருப்புக்குத் தயாராக இருக்க வேண்டும்.

"பி.இ. பழைய சராசரிக்கு வந்துவிட்டது, மலிவு" என்று யூடியூபில் காட்டும் சார்ட்டை அப்படியே நம்பாதீர்கள். பி.இ. என்பது பங்கின் விலை அதன் ஆண்டு லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்ற கணக்கு. 2021 ஏப்ரலிலிருந்து தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இ, கம்பெனிகளின் துணை நிறுவனங்களுடைய லாபத்தையும் சேர்த்தே நிஃப்டியின் பி.இ.யைக் கணக்கிடுகிறது. அந்த மாற்றத்திலேயே 40-ஐ ஒட்டியிருந்த எண் 33 பக்கம் இறங்கியது, விலை குறைந்ததால் அல்ல. இரண்டு காலத்தையும் ஒரே கோட்டில் வைத்தால் சந்தை இருப்பதைவிட மலிவாகத் தெரியும். அடுத்த சில காலாண்டுகள் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால், கம்பெனிகளின் லாபம் வளர்கிறதா என்று பாருங்கள். எஃப்ஐஐ (வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள்) விற்பனையை மட்டும் வைத்துப் பயப்படாதீர்கள்: 2024 அக்டோபரில் அவர்கள் சுமார் 94,000 கோடி ரூபாய்க்கு விற்றார்கள், உள்நாட்டு முதலீட்டு நிறுவனங்கள் கிட்டத்தட்ட அதே அளவுக்கு வாங்கின.

நஷ்டத்தில் இருக்கும் யூனிட்டை மட்டும் விற்று வரியை மிச்சப்படுத்தலாம் என்று நினைப்பவர்கள் வழக்கமாகச் சறுக்குவது ஒரே இடத்தில்தான். ஒரே ஃபோலியோவில் (ஃபண்ட் கணக்கு எண்ணில்) ஒரு ஃபண்டில் முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் விற்கும். 2019-இல் ஆரம்பித்த எஸ்ஐபி என்றால், நீங்கள் விற்பது லாபத்தில் இருக்கும் பழைய யூனிட்டை! ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட நீண்டகால லாபத்துக்கு (ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றதில் வந்தது) 12.5% வரி. நஷ்டத்தைப் பிறகு வரும் லாபத்தில் கழிக்க எட்டு ஆண்டு வரை எடுத்துச்செல்லலாம், ஆனால் வருமான வரி ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும்.

கையில் காசில்லாமல் நிறுத்துகிறீர்கள் என்றால், கணக்கைக் காலியாக விட்டுவிடாதீர்கள். தவணை திரும்பினால் பேங்க் ஒவ்வொரு முறையும் அபராதம் பிடிக்கும். அடுத்த தவணைக்குச் சில நாள் முன்பே ஆப்பில் 'பாஸ்' (Pause, தற்காலிக நிறுத்தம்) கொடுங்கள்.